2013 அரசு லேப்டாப், 2 ஜிபி ராம், செத்த பேட்டரி: உருப்படியாக எதற்கு ஆகும்?

பொருநை எழுதியது:
பிளஸ் டூவில் கிடைத்த விலையில்லா லேப்டாப். பென்டியம் டூயல் கோர், 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7. பேட்டரியில் சார்ஜ் நிற்பதில்லை. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது, பாதி தளங்கள் திறப்பதில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளை தமிழ் டைப்பிங் பழகவும், வீட்டு ஃபோன்களில் இருக்கும் படங்களை ஒரே இடத்தில் சேர்க்கவும் ஆகுமா? அதிகம் செலவழிக்கும் எண்ணம் இல்லை.

கருந்திரை எழுதியது:
இரண்டுக்கும் தாராளமாக ஆகும். முதலில் தேதியைச் சரி செய்யுங்கள். போர்டில் கடிகாரத்தை ஓட வைக்கும் சிஆர்2032 காயின் செல் (நாணய வடிவச் சின்ன பேட்டரி) தீர்ந்துவிட்டது. தேதி தப்பாக இருந்தால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாததாகத் தெரியும், பிரவுசர் திறக்க மறுக்கும். எந்த ஓஎஸ் (இயங்குதளம்) போட்டாலும் இது தொடரும். சில மாடல்களில் செல் ஒயரோடு சேர்த்து உறையிட்டு வரும், பழையதைக் கையில் கொண்டுபோய் அதே கனெக்டர் வாங்குங்கள்.

அடுத்து ஹார்ட் டிஸ்க். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளைப் போட்டு 'கரண்ட் பெண்டிங் செக்டார்' (படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் பகுதிகளின் எண்ணிக்கை) வரியைப் பாருங்கள். பூஜ்யமாக இல்லையென்றால் அதில் படங்களை வைக்காதீர்கள்.

விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு ஆதரவு முடிந்தது. குரோமும் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. இலவச ஓஎஸ் ஆன லினக்ஸ்தான் வழி. 2 ஜிபியில் ஆன்டிஎக்ஸ் என்ற லேசான லினக்ஸ் நன்றாக ஓடும். இன்னொரு ராம் ஸ்லாட் காலியாக இருந்தால் பழைய 4 ஜிபி டிடிஆர்3 ராம் ஒன்று போட்டு மிண்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற லினக்ஸ் வகையைப் போடலாம். லேப்டாப்புக்கான சின்ன ராம் என்று சொல்லிக் கேளுங்கள். லினக்ஸ் நிறுவ உதவும் பூட் பென்டிரைவைத் தயாரிக்கும் ரூஃபஸ் மென்பொருளின் 4 வரிசை விண்டோஸ் 7-ல் திறக்காது, 3.22 எடுங்கள். அதில் பார்ட்டிஷன் முறை என்ற இடத்தில் எம்பிஆர் என்று தேர்ந்தெடுங்கள்.

டைப்பிங்குக்குத் தமிழ்99 விசைப்பலகை அமைப்பையே பழக்குங்கள். உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். 'க'வை இரண்டு முறை அடித்தால் 'க்க' தானே வரும். 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்துகளில் அடித்துப் பழகிய விரலை அப்புறம் மாற்றுவது பெரிய பாடு.

வலைமேடு எழுதியது:
படங்களைச் சேர்க்க மிண்டில் சம்பா என்ற ஃபைல் பகிரும் மென்பொருளை நிறுவி ஒரு ஃபோல்டரை ஷேர் செய்தால் போதும். ஃபோனில் எஸ்எம்பி (சம்பா பயன்படுத்தும் பகிர்வு முறை) வசதியுள்ள ஃபைல் மேனேஜர் வேண்டும். பலரும் தடுக்கி விழும் இடம் ஐபி முகவரி (வீட்டு நெட்வொர்க்கில் லேப்டாப்பை அடையாளம் காட்டும் எண்): ரவுட்டரை அணைத்துப் போட்டால் அது மாறிவிடலாம், அப்போது ஃபோனுக்கு லேப்டாப் எங்கே என்று தெரியாது. ரவுட்டர் செட்டிங்ஸில் இந்த லேப்டாப்புக்கு ஒரே முகவரியை ஒதுக்கிவிடுங்கள்.

லேப்டாப்பை வைஃபையில் விடாதீர்கள், லான் கேபிள் போடுங்கள். 100 எம்பிபிஎஸ் போர்ட்டாக இருந்தாலும் நொடிக்கு 11 எம்பி போகும். அதாவது 10 ஜிபி கால் மணி நேரம். ஆனால் ஃபோன் வைஃபையில்தான் இருக்கும், அது மெதுவானால் எல்லாமே மெதுவாகும்.

பவர் மேனேஜரில் மூடியை மூடினால் 'எதுவும் செய்யாதே' என்று வையுங்கள், இல்லையென்றால் தூங்கிவிடும். சுமார் 20 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், இரவு பகலாக ஓடினால் இரண்டு மாத பில்லில் 29 யூனிட். படம் ஏற்ற மாலையில் ஒரு மணி நேரம் போட்டால் போதுமே.

ஈயப்பற்று எழுதியது:
மேலே சொன்னதில் ஒன்றில் எனக்கு உடன்பாடில்லை. பெண்டிங் செக்டார் பூஜ்யம் என்பதற்காக பத்து வருடத்துக்கு மேல் ஓடிய டிஸ்க்கில் வீட்டுப் படங்களின் ஒரே பிரதியை வைக்கக் கூடாது. எச்சரிக்கை இல்லாமலே போகும். வெளி டிஸ்க் ஒன்றில் இரண்டாம் பிரதி கட்டாயம். செலவழிக்க ஒரே ஒரு பொருள் என்றால் ராமுக்கு முன்னால் 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) வாங்குவேன். லேப்டாப் மெதுவாகத் துவங்குவதற்குப் பெரும்பாலும் சுழலும் டிஸ்க்தான் காரணம். பழைய டிஸ்க்கை டிவிடி டிரைவ் இருக்கும் இடத்தில் கேடி (caddy) எனும் டிஸ்க் பொருத்தும் சட்டகம் வைத்துப் பொருத்தலாம். டிரைவின் தடிமனை அளந்துவிட்டு வாங்குங்கள், 12.7 மிமீ, 9.5 மிமீ என இரண்டு வகை உண்டு.

பேட்டரி கழற்றும் வகை என்றால் கழற்றிவிட்டு அடாப்டரிலேயே ஓட்டுங்கள். கரண்ட் போனால் உடனே அணையும், எழுதிக்கொண்டிருந்த ஃபைல் கெடலாம், ஆகவே இன்வெர்ட்டர் லைனில் வையுங்கள். ரவுட்டருக்கு விற்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் இதற்கு ஆகாது, லேப்டாப் அடாப்டர் சுமார் 19 வோல்ட்.

பொருநை எழுதியது:
நன்றி. பேட்டரி உப்பவில்லை, தட்டையாகத்தான் இருக்கிறது. உள்ளே இருக்கும் செல்களை எடுத்து பவர் பேங்க் செய்யலாம் என்கிறார்களே?

ஈயப்பற்று எழுதியது:
வேண்டாம். அந்தக் காலத்து பேட்டரிகளில் பெரும்பாலும் 18650 உருளை செல்கள். இரும்பு உறைக்குள் இருப்பதால் கெட்டாலும் பெரிதாக உப்பிக் காட்டாது. ரொம்ப நாள் காலியாகக் கிடந்து 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய செல்லுக்குச் சார்ஜ் ஏற்றினால் உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். முனைகளில் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுத்துவிடுங்கள். குப்பைத் தொட்டியில் போடாதீர்கள்.