சாவியை எடுத்தால் ரேடியோ எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது

கேள்வி:
பழைய கார். ரேடியோ நன்றாகப் பாடுகிறது, ஆனால் சாவியை எடுத்ததும் கடிகாரம், சேமித்த நிலையங்கள் எல்லாம் போய்விடுகின்றன. போதாததற்கு ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் ஒரு ரீங்காரம், இன்ஜின் வேகத்தோடு அதுவும் ஏறுகிறது. ரேடியோ ஃபியூஸ் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது.

பதில்:
ரேடியோவுக்கு இரண்டு மின்வழி உண்டு. வெளியே வாங்கி மாட்டிய ரேடியோ என்றால் பெரும்பாலும் மஞ்சள் வயரில் எப்போதும் 12 வோல்ட் இருக்க வேண்டும், நினைவகம் அதை நம்பித்தான் நிற்கிறது; சிவப்பில் சாவி போட்டால் மட்டும் வரும். சாவியை எடுத்துவிட்டு மஞ்சளை மல்டிமீட்டரில் பாருங்கள். பல கார்களில் அந்த வழியும் உள்விளக்கும் ஒரே ஃபியூஸ். கார் தயாரிப்பாளர் போட்ட வயரிங்கில் நிறத்தை நம்பாதீர்கள்.

இன்னொரு பதில்:
ரீங்காரம் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது, முதல் சந்தேகம் எர்த் மேல்தான், அதாவது ரேடியோவின் கருப்பு வயர் கார் பாடியோடு சேரும் இணைப்பு. ரேடியோவைச் சத்தமாக வைத்து, அதன் கருப்பு வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளந்து பாருங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை, பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு வெறும் இரும்பில் முடுக்குங்கள்.

கேட்டவர்:
அட, உள்விளக்கும் எரியவில்லை! நான் கவனிக்கவே இல்லை. அந்த ஃபியூஸ் போயிருக்கிறது.

பதில்:
அதே ஆம்பியரில் மாற்றுங்கள். மறுபடி போனால் பெரிதாகப் போடாமல், எங்கே ஷார்ட் ஆகிறது என்று தேடுங்கள்.