ராஜபாளையத்தில் கொடை எஃப்.எம். 100.5 தெளிவாகக் கேட்க என்ன வழி? பழைய பாட்டுக்கு வேறு எந்த நிலையம்?

ராஜை நேயர்:
வணக்கம். ராஜபாளையம், இரண்டாவது மாடி வீடு. கையில் இருப்பது கம்பி இழுக்கிற பேட்டரி ரேடியோ ஒன்று, ஹாலில் பின்பக்கம் எஃப்.எம். சாக்கெட் உள்ள ஹோம் தியேட்டர் செட் ஒன்று. கொடைக்கானல் 100.5 ஜன்னலோரம் மட்டும் வருகிறது. கம்பியைப் பிடித்திருந்தால் பாட்டு, விட்டால் இரைச்சல். இதே ரேடியோ விருதுநகரில் கணீரென்று பாடுகிறது! மதுரை 98.3, 106.4, திருநெல்வேலி 93.5 மூன்றும் இங்கே அரைகுறை. எனக்கு வேண்டியது 60கள் முதல் 80கள் வரையிலான பாட்டுகள். ஆன்டெனா போட்டால் சரியாகுமா? எந்த நிலையத்தைக் குறிவைத்துப் போட வேண்டும்?

மின்னலை:
முதலில் காரணம். எஃப்.எம். அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். கோபுரம் சுற்றுத் தரைக்கு மேல் எத்தனை மீட்டரோ, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் அந்த அலை எட்டும் தூரம் கிலோமீட்டரில் வந்துவிடும். கொடைக்கானல் சமவெளிக்கு மேல் சுமார் 2,000 மீட்டர்; கணக்கு 180 கி.மீ.யைத் தாண்டுகிறது. தென்மாவட்டத்தில் பாதிப்பேர் 100.5 கேட்டு வளர்ந்தது இதனால்தான்.

உங்களுக்கும் தூரம் பிரச்சினையில்லை, 90 கி.மீ.க்குள்தான். ஆனால் கொடை உங்களுக்கு நேர் வடக்கே இருக்கிறது. நடுவில் வருசநாடு, சதுரகிரி மலைகள் குறுக்கே நிற்கின்றன. விருதுநகருக்குப் போகிற கோடு உசிலம்பட்டி, கல்லுப்பட்டிப் பக்கமாகத் திறந்த வெளியில் இறங்குகிறது. நீங்கள் மலை நிழலில் இருக்கிறீர்கள். முகட்டில் பட்டு வளைந்து வருகிற மிச்சம்தான் உங்கள் மாடிக்குக் கிடைக்கிறது.

மதுரை, நெல்லை கதை வேறு. இரண்டும் சுமார் 80 கி.மீ. 100 மீட்டர் கோபுரத்துக்கு 41 கி.மீ., உங்கள் மொட்டை மாடி 10 மீட்டருக்கு 13 கி.மீ., ஆக 54. அதற்கு அப்புறம் கிடைப்பதெல்லாம் போனஸ். ஆகவே குறி கொடைதான்.

ஆன்டெனா வாங்குவதற்கு முன் காதால் ஒரு சோதனை செய்யுங்கள். சீரான ‘ஸ்ஸ்ஸ்’ என்றால் சிக்னல் பலவீனம். ‘ர்ர்ர்’ என்று உறுமினால் வீட்டு மின்சாதனம். பாட்டு ஓங்கி ஒலிக்கிறது, ஆனால் ‘ச’, ‘ஸ’ வரும் இடத்தில் மட்டும் பிசிறடிக்கிறது என்றால் நேராக வந்த அலையும் மலையிலோ சுவரிலோ மோதித் திரும்பிய அலையும் மோதிக்கொள்கின்றன. இரண்டு நிலையம் மாறி மாறித் தலைகாட்டினால் ஒரே அலைவரிசையில் இரண்டு சிக்னல். எஃப்.எம். ரேடியோ பலமானதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடும். இரண்டும் சமபலமானால்தான் இந்தத் தாவல். நான்குக்கும் மருந்து வேறு வேறு.

ரேடியோவைப் பேட்டரியில் ஓடவிட்டு வீட்டு மெயின் ஸ்விட்சை அணையுங்கள். உறுமல் நின்றால், ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து ஆளைப் பிடிக்கலாம். பெரும்பாலும் மலிவு எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர், இந்த மூன்றில் ஒன்று.

ஹோம் தியேட்டரில் ‘மோனோ’ (இடது வலது பிரிக்காத ஒலி) இருந்தால் உடனே அதற்கு மாற்றுங்கள். ஸ்டீரியோவில் இடது வலது வித்தியாசத்தை 38 கிலோஹெர்ட்ஸ் துணை அலையில் ஏற்றி அனுப்புகிறார்கள். எஃப்.எம்.மில் அதிர்வெண் ஏற ஏற இரைச்சலும் ஏறும் என்பதால், சிக்னல் மெலிந்ததும் முதலில் கெடுவது அந்தப் பகுதிதான். மோனோவுக்கு வந்தால் பாதி இரைச்சல் அங்கேயே விழும். பழைய பாட்டில் பெரும்பாலானவை மோனோவில் பதிவானவை, இழப்பு ஒன்றும் இல்லை.

பாட்டுப்பெட்டி:
ஆன்டெனாவை அவர் சொல்லட்டும், நான் பாட்டுக்கு வருகிறேன்.

60–80 என்றால் தனியார் நிலையங்களைப் பகலில் நம்ப வேண்டாம். அங்கே எந்தப் பாட்டு எப்போது என்பதை ஆர்.ஜே. முடிவு செய்வதில்லை. அட்டவணை போடுகிற மென்பொருள் இருக்கிறது. பாட்டுகளை வகை பிரித்து, புதுப்பட ஹிட்டுகளைச் சில மணி நேரத்துக்கு ஒரு முறை சுற்றவிடுகிறார்கள். அதனால்தான் காலை பஸ்ஸில் கேட்ட பாட்டு மதியம் டீக்கடையிலும் அதே. இரவு 9 மணி வாக்கில் விளம்பரம் மெலியும், சுழற்சியும் தளரும். இளையராஜாவின் 80கள் அப்போது நிறைய வரும். அதற்கும் முந்தைய எம்.எஸ்.வி., கே.வி. மகாதேவன் காலம் வேண்டுமென்றால் அகில இந்திய வானொலிதான் கதி. மதுரை வானொலியின் 103.3ஐயும் சேர்த்துத் தேடிப் பாருங்கள்.

வானொலியில் இன்னொரு வசதி, படம், பாடியவர், இசையமைப்பாளர், பாடலாசிரியர் என்று சொல்லிவிட்டுப் போடுவார்கள். பட்டியல் எழுதி வைக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம். தனியாரில் பாட்டின் முன்னிசை மேலேயே பேச்சு ஓடும், முடிவதற்குள் அடுத்தது ஏறிவிடும். பதிவு செய்து வைக்கவே முடியாது.

பழைய பாட்டுக்கு உரிமைத்தொகை அதிகம், அதனால்தான் தனியார் போடுவதில்லை என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. 2010இல் பதிப்புரிமை வாரியம் நிகர விளம்பர வருமானத்தில் 2 சதவீதம் என்று நிர்ணயித்தது. 2020 வரை இருந்த அந்த முறையில், வருமானத்தில் பங்கு என்பதால் பழசு போட்டாலும் புதுசு போட்டாலும் கணக்கு ஒன்றுதான். போடாததற்குக் காரணம், விளம்பரதாரர் தேடுவது இளம் வயது நேயர்களை.

அலைவரிசை தேடும்போது ஒரு குறிப்பு: ஒரே ஊருக்குள் தனியார் நிலையங்களுக்கு 0.8 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி வைத்தார்கள். 91.1, 91.9, 92.7, 93.5, 94.3 என்ற வரிசை அப்படி வந்தது. ஊர் மாறும்போது இந்த எண்களில் நின்று பார்த்தால் வேலை சுலபம்.

ராஜை நேயர்:
மிக்க நன்றி. மெயினை அணைத்ததும் உறுமல் போய்விட்டது. மாடிப்படி எல்.இ.டி. பல்புதான் குற்றவாளி. ‘ஸ்ஸ்’ மட்டும் மிச்சம். பரணில் பழைய தூர்தர்ஷன் ஆன்டெனா ஒன்று கிடக்கிறது, அதையே மாட்டலாமா? டிவி பூஸ்டர் சேர்த்தால்?

மின்னலை:
அப்படியே மாட்டினால் பலன் குறைவு. கம்பிகள் 70–85 செ.மீ. நீளம் இருந்தால் அது 5 முதல் 12 வரையிலான சேனலுக்கு, அதாவது 174–230 மெகாஹெர்ட்ஸுக்குச் செய்தது. 100க்குக் குட்டை. ஆனால் தூக்கிப் போடாதீர்கள், அந்தக் கம்பிகளே இருமுனை ஆன்டெனாவுக்குப் பொருத்தமான அளவு.

143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில். 100.5க்கு 1 மீ. 42 செ.மீ. ஆக ஒரு கை 71 செ.மீ. இரண்டு அலுமினியக் கம்பிகளை 71இல் அறுத்து, ஒரு அடி நீள பி.வி.சி. குழாய்த் துண்டில் எதிரெதிராகச் செருகுங்கள். உள்முனைகள் நடுவில் 2 செ.மீ. இடைவெளியோடு நிற்கட்டும், தொட்டுக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு உள்முனைக்கும் ஒரு திருகு, வாஷர். ஆர்.ஜி.6 கேபிளின் (டிஷ் டிவிக்குப் போடுவது) நடுக் கம்பி ஒரு கைக்கு, வெளிப் பின்னல் இன்னொரு கைக்கு. செம்பும் அலுமினியமும் நேராகத் தொட்டால் ஒரு மழைக்காலத்தில் பூத்துவிடும். துருப்பிடிக்காத வாஷரை இடையில் வைத்து, மேலே எம்-சீல் அப்பிவிடுங்கள். கேபிளின் வெட்டு முனை வழியாக உள்ளே தண்ணீர் இறங்கினால் கேபிளே வீண்.

ஆன்டெனாவுக்குக் கீழேயே கேபிளை 15 செ.மீ. வட்டமாக ஆறு சுற்று சுற்றி டேப் போட்டுக் கட்டுங்கள். இதை விட்டுவிட்டால் பின்னலே ஆன்டெனாவாகி, வீட்டு இரைச்சலை (உங்கள் மாடிப்படி பல்பு உட்பட) மேலே கொண்டுபோய்ச் சேர்க்கும். 15 மீட்டர் கேபிளில் இழப்பு 1 டெசிபல் அளவுதான், நீளத்துக்குப் பயப்பட வேண்டாம். உயரத்தை விடாதீர்கள்.

கம்பிகள் கிழக்கு மேற்காகக் கிடந்தால் முகம் வடக்கே. படுக்க வைத்தும் நிறுத்தியும் பாருங்கள், எது நன்றாக வருகிறதோ அது. பிசிறடித்தால் ஆன்டெனாவை முக்கால் மீட்டர் நகர்த்துங்கள். அது கால் அலைநீளம். மோதல் நிலை அங்கே மாறியிருக்கும்.

ஹோம் தியேட்டரில் 75 ஓம் சாக்கெட்டில் செருகினால் முடிந்தது. பேட்டரி ரேடியோவுக்கு நடுக் கம்பியை முதலைக் கிளிப்பால் ரேடியோக் கம்பியில் பிடித்து, பின்னலை பேட்டரியின் மைனஸ் முனையில் தொடுங்கள். அடாப்டரில் ஓடும்போது இப்படி இணைக்க வேண்டாம்.

பூஸ்டர் கடைசியில். அது இரைச்சலையும் சேர்த்துத்தான் பெருக்கும். போட்டே ஆக வேண்டுமென்றால் கம்பத்தின் உச்சியில், ஆன்டெனாவை ஒட்டி. கடையில் டிஷ் ஆன்டெனாவுக்கான பூஸ்டரை நீட்டுவார்கள். அது 950 மெகாஹெர்ட்ஸில்தான் ஆரம்பிக்கும், நமக்கு உதவாது. 45இலிருந்து தொடங்குவதாகக் கேளுங்கள்.

மொட்டை மாடி:
சார் சொன்ன இருமுனை சமவெளிக்குப் போதும். மலை நிழலுக்கு மூன்று கம்பி யாகி (ஒரே திசையைக் குறிவைத்துப் பிடிக்கும் ஆன்டெனா) போடுவது நல்லது என்பது என் கருத்து. பின்கம்பி 1 மீ. 48, நடுவில் அதே மாதிரி இருமுனை, ஆனால் 1 மீ. 41, முன்கம்பி 1 மீ. 31. கம்பிக்குக் கம்பி 60 செ.மீ. பின்கம்பியும் முன்கம்பியும் முழுத்துண்டு, கேபிள் நடுவில் இருப்பதற்கு மட்டும். தாங்கும் சட்டம் மரமாகவோ பி.வி.சி.யாகவோ இருந்தால் அளவு மாற்ற வேண்டியதில்லை. இருமுனையின் மின்மறுப்பு 73 ஓம் இதில் இறங்கிவிடும், கேபிளோடு சரியாகப் பொருந்தாது என்பார்கள். ஒலிபரப்புவதற்கு அது முக்கியம், கேட்பதற்கு அல்ல.

கட்டியதும் வடக்கே திருப்பி விட்டுவிட்டு இறங்கிவிடாதீர்கள். ஒருவர் மாடியில் மெல்லச் சுற்ற, ஒருவர் கீழே கேட்க வேண்டும். ராஜபாளையத்தில் மேற்கே சுவர் மாதிரி மலை இருப்பதால், அதில் பட்டுத் திரும்பும் அலை நேரலையை விடச் சுத்தமாக இருக்க வாய்ப்பு உண்டு. சிக்னல் அளவு காட்டும் ரேடியோ (டெக்சன் பி.எல். 310 போல) இரவல் கிடைத்தால் வேலை எளிது. அதில் இரண்டு எண் தெரியும். இரண்டாவதான சிக்னல்–இரைச்சல் விகிதத்தைப் பார்த்துத் திருப்புங்கள். முதல் எண் கூடி இரண்டாவது குறைந்தால் இரைச்சலைத்தான் பிடிக்கிறீர்கள்.

மதுரைக்கு வடகிழக்கு, நெல்லைக்குத் தெற்கு. யாகியின் அளவு 100.5க்கு என்றாலும் 98.3, 103.3 நன்றாகவே வரும். 93.5 கொஞ்சம் சோர்ந்துபோகும்.

முத்துநகர்:
தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு எச்சரிக்கை. காற்றில்லாத புழுக்கமான நாட்களில், குறிப்பாக விடிகாலையில், கடல் மேல் வெப்பக்காற்று அடுக்கு உருவாகி இலங்கை நிலையங்கள் உள்ளூர்போல் இறங்கும். சூரியன் எஃப்.எம்., சக்தி எஃப்.எம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். அன்றைக்கு 100.5 குழம்பினால் ஆன்டெனாவைக் கழற்றி மறுபடி கட்டாதீர்கள். வெயில் ஏறினால் தானே சரியாகிவிடும்.

காரில் கேட்கிறவர்களுக்கும் ஒன்று: உள்ளூர் நிலையம் நன்றாக வருகிறது, தூரத்து நிலையம் வரவே இல்லை என்றால், ஸ்டீரியோவின் பின்னால் நீல ஒயர் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கூரை ஆன்டெனாவின் பெருக்கிக்கு 12 வோல்ட் அந்த ஒயரில்தான் போகிறது. ஸ்டீரியோ மாற்றும்போது கடைக்காரர்கள் அதை டேப் சுற்றி விட்டுவிடுவது வழக்கம்.

ராஜை நேயர்:
யாகிதான். வாரக் கடைசியில் பைப் வாங்குகிறேன். அதுவரை?

பாட்டுப்பெட்டி:
பிரசார் பாரதியின் நியூஸ்ஆன்ஏர் செயலியில் வானொலி நிலையங்கள் நேரலையில் வருகின்றன. 64 கிலோபிட் ஓட்டம் என்றால் மணிக்கு 29 எம்.பி. செலவு. ரேடியோவை விடக் கொஞ்சம் பின்தங்கி வரும், மணிச்செய்தியை வைத்துக் கடிகாரத்தைத் திருத்தாதீர்கள்.

மின்னலை:
யாகி கட்டினால் ஐப்பசி, கார்த்திகையில் இடி கேட்டதும் கேபிளைச் செட்டிலிருந்து உருவி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள். சித்திரை கோடை இடிக்கும் அதேதான். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.