யார்க்டவுனில் புல்தான் தெரிந்தது: அமெரிக்கப் புரட்சி படிப்பவன் எந்தப் போர்க்களத்துக்குப் போகலாம்?

எடிசன்வாசி:
வணக்கம். நியூஜெர்சியில் இருக்கிறேன், வயது 43, கணினி வேலை. ஊரில் பத்தாம் வகுப்போடு வரலாற்றை மூட்டை கட்டி வைத்தவன். மகள் பள்ளியில் அமெரிக்க வரலாறு எடுத்துக்கொண்டு என்னிடம் கேள்வி கேட்க ஆரம்பித்ததும் வெட்கமாகிப்போய், பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டேன். 1763 முதல் 1789 வரை, மூன்று கிரெடிட். ஏழாண்டுப் போரின் கடன், முத்திரை வரி, பாஸ்டன் தேயிலை என்று பாடம் நன்றாகவே போகிறது. சிக்கல் என்னவென்றால், ஒரு போர்க்களத்தைப் பார்த்துவிட்டு எட்டுப் பக்கம் எழுதித் தர வேண்டும். அதற்காகப் போன மாதம் ஆறு மணி நேரம் காரோட்டி யார்க்டவுன் போனோம். புல், சில பீரங்கிகள், ஒரு தூண். மகள் போனை விட்டுத் தலை நிமிரவில்லை. "இதற்கா இவ்வளவு தூரம்" என்று மனைவி கேட்கவில்லை, ஆனால் கேட்ட மாதிரிதான். எனக்குப் பார்க்கத் தெரியவில்லையா, இல்லை போன இடம் தப்பா?

நடைக்காரன்:
இரண்டும் இல்லை. ஆங்கிலேயர் அங்கே சரணடைந்து முடிந்ததும் அந்த முற்றுகைக் குழிகளை மூடச் சொன்னது வாஷிங்டனேதான். நீங்கள் பார்த்த மேடுகளில் பெரும்பகுதி பிற்காலத்தில் மறுபடி எழுப்பியது, ஊரை ஒட்டியவற்றில் 1860களின் உள்நாட்டுப் போர்க்காரர்களும் கை வைத்திருக்கிறார்கள். அதோடு முற்றுகை என்பது பாதிக்கு மேல் மண்வெட்டி வேலை: 1781 அக்டோபர் 6 இரவு முதல் குழி, 11 இரவு இரண்டாவது, 14 இரவு 9, 10 எண் மண் அரண்கள் விழுந்தன, 19இல் சரண். தேதி தெரியாமல் போனால் அது வெறும் புல்வெளிதான், யார் போனாலும். உண்மையில் அங்கே சிக்கிய ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸின் கதையை முடித்தது செப்டம்பர் 5 அன்று செசபீக் விரிகுடாவின் வாயில் பிரெஞ்சுக் கப்பற்படை. அதை எந்த வயலில் நின்று பார்ப்பது?

அதை விட்டுவிட்டு வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிற ட்ரென்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 1776 கிறிஸ்துமஸ் இரவு வாஷிங்டனின் ஆட்கள் சுமார் 2,400 பேர், 18 பீரங்கிகள், பனிக்கட்டி மிதக்கும் டெலவேர் ஆறு. நள்ளிரவுக்குள் கடக்க வேண்டியவர்கள் விடிகாலை மூன்று மணிக்குத்தான் கடந்து முடித்தார்கள். வேறு இடங்களில் கடக்க வேண்டிய இரண்டு படைகளால் கடந்து முடிக்கவே முடியவில்லை. அதன் பிறகு ஒன்பது மைல் நடை. அவர்கள் கடந்த இடமான வாஷிங்டன் கிராசிங்கில் கரையோரம் ஒரு மைலாவது நீங்களும் நடந்து பாருங்கள், குளிரில் போனால் இன்னும் நல்லது. அப்புறம் ட்ரென்டன் ஊருக்குள் வெற்றித்தூணுக்குப் போங்கள். பீரங்கிகளை நிறுத்தியது அங்கேதான். அப்போதைய கிங் தெருவும் குயின் தெருவும் (இப்போது வாரன், பிராட்) அந்த முனையிலிருந்துதான் பிரிந்து இறங்குகின்றன. அங்கே நின்றால் இரண்டு தெருவும் கைக்குள். ஊரில் தங்கியிருந்த ஹெஸ்ஸியக் கூலிப்படையினர் (ஆங்கிலேயர் அமர்த்திய ஜெர்மானியர்கள்) சுமார் 900 பேர் ஒரு காலைப் பொழுதில் எப்படிச் சிறைப்பட்டார்கள் என்பதை வரைபடத்தில் பத்து முறை பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை, அந்த முனையில் நின்றபோதுதான் சட்டென்று புரிந்தது. இத்தனைக்கும் இப்போது அங்கே சிக்னலும் கடைகளும்தான்.

ஓரமாக_ஒருவன்:
போவதற்கு முன் யேல் பல்கலைக்கழகத்தின் திறந்த பாடங்களில் ஜோஆன் ஃப்ரீமன் நடத்திய அமெரிக்கப் புரட்சி வகுப்பைக் கேளுங்கள். 25 உரைகள், இலவசம். காரில் கேட்டுக்கொண்டே போகலாம். மகளும் கேட்பாள், வேறு வழி இல்லையே.

உப்புக்கண்டம்:
ட்ரென்டன், பிரின்ஸ்டன் எல்லாம் சரி. ஆனால் ஜெயித்த இடங்களை மட்டும் சுற்றிவிட்டு வந்தால் சிலைகளைப் பார்த்த கதைதான். புரூக்ளின் ஃபோர்ட் கிரீன் பூங்காவில் ஒரு தூண் இருக்கிறது, பாதிப் பேருக்கு அது எதற்கென்றே தெரியாது. கீழே வாலபவுட் விரிகுடாவில் நின்ற ஆங்கிலேயச் சிறைக்கப்பல்களில் செத்தவர்கள் 11,000க்கு மேல் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. சண்டைக்களத்தில் செத்தவர்களை விட அதிகம்.

அப்புறம், யாருடைய புரட்சி? 1775 நவம்பரில் வர்ஜீனியாவின் ஆங்கிலேய ஆளுநர் டன்மோர், கிளர்ச்சிக்காரர்களின் அடிமைகள் மன்னர் பக்கம் வந்து போரிட்டால் விடுதலை என்று அறிவித்தார். 1783இல் நியூயார்க்கிலிருந்து சுமார் 3,000 கறுப்பின மக்கள் ஆங்கிலேயக் கப்பல்களில் ஏறி நோவா ஸ்கோஷியா போனார்கள், அவர்களுக்கு விடுதலை அந்தப் பக்கத்தில் இருந்தது. 1779இல் அமெரிக்கத் தளபதி சல்லிவனின் படை இரோகுவா பூர்வகுடி மக்களின் 40க்கும் மேற்பட்ட ஊர்களைக் கொளுத்தியது, உத்தரவு வாஷிங்டனுடையது. எட்டுப் பக்கத்தில் ஒரு பக்கமாவது இதற்கு ஒதுக்குங்கள்.

நடைக்காரன்:
ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஒரே கட்டுரைக்குள் எல்லாவற்றையும் திணிக்கச் சொல்லாதீர்கள். அவருக்கு வேலை, குடும்பம் எல்லாம் இருக்கிறது. ஒரு இடம், ஒரு கேள்வி போதும்.

பழையதுறைமுகம்:
ஒருவரும் கடலூரைச் சொல்லவில்லையே! அந்தப் போர் யார்க்டவுனோடு முடிந்துவிட்டதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். அமெரிக்கர்களுக்காக பிரான்ஸ் இறங்கியதால் சண்டை இங்கேயும் வந்தது. 1783 ஜூன் 13இல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் ஆங்கிலேயப் படையும் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படையும் கடலூரில் மோதின, 20ஆம் தேதி கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரானும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும். ஜனவரியிலேயே ஐரோப்பாவில் பூர்வாங்க சமாதானம் கையெழுத்தாகியிருந்தது, சேதி வந்து சேர ஜூன் கடைசி ஆகிவிட்டது. அதுவரை செத்தவர்களெல்லாம் வீண்சாவு.

கார்ன்வாலிஸையும் அத்தோடு விட்டுவிடாதீர்கள். அங்கே தோற்றவர் இங்கே கவர்னர் ஜெனரலாக வந்து 1792இல் திப்புவின் பாதி நாட்டை வாங்கினார், பாராமகாலும் திண்டுக்கல்லும் கம்பெனி கைக்குப் போனது அப்போதுதான். சென்னை கோட்டை அருங்காட்சியகத்தில் அவர் சிலை இருக்கிறது.

எடிசன்வாசி:
அனைவருக்கும் நன்றி. ட்ரென்டன்தான் என்று முடிவு செய்துவிட்டேன், கேள்வி: நள்ளிரவுக்குள் கடக்க வேண்டியது விடிகாலை மூன்று மணி ஆகிவிட்டது என்று தெரிந்தும் வாஷிங்டன் ஏன் திரும்பவில்லை. ஆற்றைக் கடப்பதை வருடா வருடம் கிறிஸ்துமஸ் அன்று நடித்துக் காட்டுகிறார்களாம், ஆனால் எங்கள் வகுப்பு டிசம்பர் நடுவிலேயே முடிந்துவிடும். கட்டுரைக்கு வரும் சனிக்கிழமை போகிறேன், கிறிஸ்துமஸ் அன்று மகளுக்காக இன்னொரு தடவை.

பழையதுறைமுகம் அவர்களுக்குத் தனியாக ஒன்று: மனைவியின் சொந்த ஊர் கடலூர். நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். "அப்போ ஆறு மணி நேரம் காரோட்டினதுக்கு எங்க அம்மா வீட்டுக்கே போயிருக்கலாமே" என்கிறார்.