சமைக்காத இனிப்பு: சர்க்கரைக்கார அப்பா, டயாலிசிஸ் பெரியப்பா, பத்து மாதக் குழந்தை, எல்லாரும் ஒரே பந்தியில்

கொடுமுடிக்காரி:

அப்பாவுக்கு 70 முடிந்தது. திருக்கடையூர் போய்ப் பீமரத சாந்தியும் செய்துவிட்டு வந்தாயிற்று. வருகிற ஞாயிறு சொந்தக்காரர்கள் நாற்பது பேருக்கு வீட்டில் விருந்து. லட்டு, ஜாங்கிரி எதுவும் வேண்டாம், அடுப்பில் ஏற்றாத இனிப்பாக நானே செய்கிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். இப்போது பயமாக இருக்கிறது.

போன மாதம் ஒத்திகை பார்த்ததுதான் காரணம். அரைக் கிலோ பேரீச்சை, கால் கிலோ முந்திரி, ஒரு மூடித் தேங்காய், நாலு மேசைக்கரண்டி தேன். எலுமிச்சை அளவில் 20 உருண்டை வந்தது. "சர்க்கரையே போடலைப்பா" என்று நான் சொன்னதை நம்பி அப்பா மூன்றை உள்ளே தள்ளிவிட்டார். இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தால் 268. வழக்கமாக 170ஐத் தாண்டாது. அம்மா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

இது போக, பெரியப்பா வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ் போகிறவர். தங்கைக்கு ஆறாவது மாதம். அண்ணன் குழந்தைக்குப் பத்து மாதம். பேரீச்சை உருண்டை ஒன்று, முளைகட்டிய பாசிப்பயறோடு தேங்காயும் வெல்லமும் கலந்து இன்னொன்று, இதுதான் திட்டம். பச்சையாகச் சாப்பிட்டால் யாருக்கும் ஒன்றும் செய்யாது என்கிறார்களே, உண்மையா?

பண்ருட்டி முந்திரி:

முதலில் ஒரு சிரிப்பு. பச்சை முந்திரி என்று கடையில் வாங்குவது பச்சையே இல்லை. கொட்டையை ஆவியில் வேகவைத்தோ வறுத்தோதான் உடைப்பார்கள். அப்படியே உடைத்தால் ஓட்டுக்குள் இருக்கிற எண்ணெய் பட்டுக் கை வெந்துபோகும். எங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் உடைக்கிறவர்கள் விரல்களைப் பாருங்கள். வெல்லமும் அப்படித்தான், கொப்பரையில் கொதிக்காத வெல்லம் உண்டா? அவலும் நெல்லை ஊறவைத்து வறுத்து இடித்தது. ஆகவே 'அடுப்பே படாதது' என்று பந்தியில் ரொம்பப் பெருமை பேச வேண்டாம்.

எள்ளுக்காடு:

எனக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருடம். இந்த உருண்டைகளை ஒன்பது வருடமாகச் செய்கிறேன். உங்களுக்கு நடந்தது எனக்கும் நடந்ததுதான், அதனால் திட்டமாட்டேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பேரீச்சையின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைதான். அரைக் கிலோவில் 325 கிராமுக்குக் குறையாது. தேனில் ஒரு 65. இருபதாக உருட்டினால் உருண்டைக்கு ஏறக்குறைய 20 கிராம். மூன்று சாப்பிட்டார் என்றால் பன்னிரண்டு டீஸ்பூன் சீனியை வாயில் கொட்டிக்கொண்ட மாதிரி. அதில் நார்ச்சத்து இருக்கிறது, இரும்பு இருக்கிறது, எல்லாம் சரி. ரத்தத்துக்கு அது கேட்குமா?

என் அளவு இது: 200 கிராம் பேரீச்சை, 100 கிராம் கருப்பு எள், 100 கிராம் பாதாம், 50 கிராம் கொப்பரைத் துருவல், ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. தேன் வேண்டாம். நெல்லிக்காய் அளவில் 30 வரும், ஒன்றுக்கு ஒரு டீஸ்பூன் சர்க்கரை கணக்கு. உங்களுக்கு இரண்டு மடங்கு போடுங்கள். அப்பாவுக்கு ஒன்றே ஒன்று, அதுவும் சோற்றில் ஒரு கரண்டி குறைத்துவிட்டு. கூட ஒரு மாத்திரை போட்டுக்கொள்கிறேன் என்பார், விடாதீர்கள்.

எள்ளைக் கழுவி ஒரு பகல் நல்ல வெயிலில் காயவையுங்கள். வறுக்காத எள்ளில் லேசாகக் கசப்பு இருக்கும், அந்த உப்புதான் அதை அமுக்கும். எள்ளையும் பாதாமையும் தனித்தனியாகப் பொடிக்க வேண்டும். மிக்ஸியை ஒரே மூச்சாக ஓட்டினால் ஜாடி சூடாகி எள் எண்ணெயைக் கக்கிவிடும், அப்புறம் உருண்டை பிடிக்க வராது, கையில் வழுக்கிக்கொண்டே இருக்கும். இரண்டு சுற்று, நிறுத்து, ஜாடியின் அடியைத் தொட்டுப் பார், மறுபடி இரண்டு சுற்று. பேரீச்சை கடைசியில். கொட்டை நீக்கியது என்று பாக்கெட்டில் போட்டிருந்தாலும் ஒவ்வொன்றையும் பிளந்து பாருங்கள். ஒரே ஒரு கொட்டை என் மிக்ஸி பிளேடைத் தின்றுவிட்டது. பாதாமை ஊறவைக்காதீர்கள், ஈரம் இருந்தால் மறுநாளே புளிப்பு தட்டும். பச்சைத் தேங்காயும் அதனால்தான் வேண்டாம் என்கிறேன். காலையில் துருவி வைத்தது வெயில் நாளில் மதியப் பந்திக்குள் வாடை அடித்துவிடும்.

முளைப்பயறு பற்றி. பச்சை முளைப்பயறு கர்ப்பிணிக்கும் வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கூடாது. கிருமி விதையிலேயே இருந்தால் எவ்வளவு கழுவினாலும் போகாது, முளைகட்டுகிற ஈரமும் சூடும் அதற்கும் தோதானது. காந்தியே 1929இல் முளைவிட்ட கோதுமை, பயறு என்று சமைக்காமல் சாப்பிட்டுப் பார்த்து, வயிற்றுக்கடுப்பு வந்து நிறுத்திக்கொண்டவர். ஆவியில் நன்றாக வேகவைத்துவிடுங்கள். குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை தேன் ஒரு சொட்டுக்கூட நாக்கில் தடவக் கூடாது, பாட்டிகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள். எள், கொட்டை வகை ஒத்துக்கொள்ளாதவர்கள் யார் என்றும் கேட்டுவிடுங்கள்.

மூன்றாம் வருடம்:

நானும் டயாலிசிஸ்தான், அதனால் பெரியப்பாவுக்காக எழுதுகிறேன். பேரீச்சை, தேங்காய், பாதாம், எள், வெல்லம், உங்கள் பட்டியலில் இருப்பது முழுக்க எங்களுக்குப் பொட்டாசியம் பட்டியல். கொட்டைகளில் பாஸ்பரஸ் வேறு. மற்றவர்களுக்குச் சமைக்காதது நல்லது என்றால் எங்களுக்கு நேர் எதிர். காய்கறியை வேகவைத்துத் தண்ணீரை வடித்தால்தான் பொட்டாசியம் இறங்கும். நல்லது என்று யாரோ கொடுத்த இளநீரைக் குடித்துவிட்டு நான் ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறேன். அவருக்கு ஆப்பிளைத் தோல் சீவி, நறுக்கி, பட்டைப் பொடி தூவிக் கொடுங்கள். அளவை அவருடைய டயட்டீஷியனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ரொம்ப முக்கியம், தனித் தட்டில் வையுங்கள், உருண்டைத் தட்டு அவர் கைக்கு எட்டக் கூடாது.

கொடுமுடிக்காரி:

விருந்து நல்லபடியாக முடிந்தது. 60 உருண்டை போட்டேன், முதல் ஈடு எண்ணெய் கக்கியது (எள்ளுக்காடு அக்கா சொன்னதைப் படித்தும்). பயறு வெந்துவிட்டது. அப்பா ஒன்று சாப்பிட்டார், இரண்டு மணி நேரம் கழித்து 174. அம்மா அந்த எண்ணைக் காலண்டரில் எழுதிவைத்தார். பெரியப்பா ஆப்பிள் தட்டைப் பார்த்து, "எனக்குன்னு ஒருத்தி யோசிச்சிருக்காளே" என்று கண் கலங்கிவிட்டார்.

பண்ருட்டி அண்ணா, முந்திரி போடவில்லை, பெருமையும் பேசவில்லை. பேசியிருந்தாலும் நடந்திருக்காது. சின்ன மாமா ஒன்றை வாயில் போட்டு மென்றுவிட்டு, "இது எள்ளுருண்டைதானே, எங்க ஆத்தா செய்வாங்களே, என்ன, இதுல இனிப்புக் கொஞ்சம் கம்மி" என்று கை கழுவப் போய்விட்டார்.