பழைய வளாகத்தில் புதிய செங்கல் முகப்பு: நிறத்தைவிடச் சாந்துக் கோடே எங்களைச் சோதித்தது

நூறாண்டு கடந்த கட்டடம் ஒன்றின் அருகில், அதே வளாகத்தில், மூன்று தள நூலகம் எழுப்பும் பொறுப்பு எனக்கு வந்தபோது, பழைய முகப்பின் சிவப்புக்கு இணையான செங்கல் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும் என்றே நம்பினேன். சூளை சூளையாக மாதிரி வரவழைத்தும் எதுவும் பொருந்தவில்லை. நாங்கள் ஒரே நிறத்தைத் தேடினோம். பழைய சுவரிலோ ஒரே நிறம் இல்லை. செங்கல்லுக்குச் சிவப்பைத் தருவது மண்ணிலுள்ள இரும்பு ஆக்சைடு. ஆனால் அந்தக் காலச் சூளைக்குள் அனல் சீராகப் பரவாததால், ஒரே மண்ணில் அறுத்த கல்லே இளஞ்சிவப்பாகவும், அடர்சிவப்பாகவும், காற்றுக் குறைந்த மூலையில் வெந்தது கருமை பாய்ந்தும் வெளிவந்திருக்கிறது. போதாக்குறைக்கு, நாங்கள் ஒப்பிட்ட பழுப்பில் பாதி வெறும் புகைப்படிவு. ஓரிடத்தைத் தண்ணீரும் மென்மையான தூரிகையும் கொண்டு கழுவிப் பார்த்த பிறகுதான் கல்லின் உண்மை நிறம் தெரிந்தது. மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்யச் சிலர் சொன்னார்கள். சுட்ட மேல்தோல் பெயர்ந்துவிடும் என்பதால் நான் உறுதியாக மறுத்தேன்.

மூன்று சாயல் கல்லை வரவழைத்து, பல அடுக்குகளிலிருந்து மாற்றி மாற்றி எடுத்து, ஒன்றேகால் மீட்டர் சதுரத்தில் மாதிரிச் சுவர் ஒன்றைக் கட்டினோம். அருகில் நின்று பார்த்தால் அருமையாக இருந்தது. இருபது அடி தள்ளி நின்றால் வேற்றுச் சுவராகத் தெரிந்தது. மேஸ்திரிதான் அளவுகோலை எடுத்துப் பழைய சுவரில் பத்து வரிகளை அளந்து, "ஐயா, இங்கே எழுபத்தொரு சென்டிமீட்டர்தான் வருகிறது, நம்முடையது எழுபத்தைந்து" என்றார். எங்கள் கல் 65 மில்லிமீட்டர் உயரம், சாந்து 10 மில்லிமீட்டர். பழையதில் சாந்து 6 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. கணக்கிட்டுப் பார்த்தால், 215 மில்லிமீட்டர் நீளக் கல்லில் 10 மில்லிமீட்டர் சாந்து வைக்கும்போது சுவர்ப் பரப்பில் ஏறத்தாழ 17 சதவீதம் சாந்தாகிவிடுகிறது. 6 மில்லிமீட்டரில் அது 11 சதவீதமாகக் குறைகிறது. நாங்கள் கல்லின் நிறம் என்று குறை கண்டதில் பெரும்பங்கு இதுதான். தவிர, நாற்பதாவது வரியில் 16 சென்டிமீட்டர் வேறுபாடு வந்து, பல் பல்லாகக் கற்கள் வெளியே நீட்டிய அலங்கார வரி பழைய கட்டடத்தினதோடு நேர்கோட்டில் அமையாமலே போயிருக்கும்.

சாந்தை 6 மில்லிமீட்டராக்கி, சிமெண்டின் சாம்பல் நிறம் தலைதூக்காதபடி சுண்ணாம்பும் பழைய சாந்தின் சாயலுடைய மணலும் சேர்த்தோம். மாதிரிச் சுவரை ஒரு மாதம் உலரவிட்ட பிறகே ஒப்புதல் கேட்டேன். ஈரச் சாந்தைப் பார்த்து நிறம் முடிவு செய்வது பெருந்தவறு. பழைய சுவரில் நீளக்கல்லும் (நீளப் பக்கம் வெளியே தெரிவது) தலைக்கல்லும் (குறுகிய முனை மட்டும் வெளியே தெரிவது) ஒவ்வொரு வரியிலும் மாறி மாறி வந்தன. எங்கள் முகப்போ அரைக்கல் தடிப்பே கொண்டது, முழுக்கல்லைக் குறுக்கே வைக்க இடமில்லை. ஆகவே தலைக்கல்லாகத் தெரியவேண்டியவற்றைப் பாதியாக வெட்டி, வெட்டிய முகத்தை உள்ளே திருப்பி வைத்தோம். எனக்கு மிகுந்த நிறைவு தந்தது அலங்கார வரிதான்: மாலை வெயில் சாய்ந்து விழும்போது இரு கட்டடங்களின் பல்வரிசை நிழலும் ஒரே மட்டத்தில் ஓடுகிறது.

மழை ஓய்ந்ததும் புதிய சுவர் முன்னதாகவே உலர்ந்து வெளுத்துவிடுகிறது. எங்கள் கல் அடர்த்தி மிகுந்தது, நீரைக் குறைவாகவே உறிஞ்சுகிறது. அந்த ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும் இரண்டும் தனித்தனியாகத் தெரிகின்றன. அதைச் சரிசெய்ய எங்களால் இயலவில்லை.