மரமேறிப் பயன்படுத்தும் பழைய செயின் சா: சரிசெய்வதா, புதியது வாங்குவதா?

காப்பித் தோட்டம்:
அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் உள்ள எங்கள் காப்பித் தோட்டத்தில், தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன் சில்வர் ஓக் மரங்களின் கிளைகளைக் கழித்து நிழலைக் குறைப்பது வழக்கம். மரமேறுபவர் இடுப்பு பெல்ட்டில் தொங்கவிட்டுச் செல்லும் ஸ்டில் எம்.எஸ். 200 டி செயின் சாவுக்கு (பெட்ரோலில் ஓடும் சங்கிலி ரம்பம்) வயதாகிவிட்டது. சூடேறியதும் ஐடிலில் (த்ரோட்டிலை அழுத்தாமல் இன்ஜின் சும்மா ஓடும்போது) அதன் வேகம் தானாக ஏறி இறங்குகிறது. த்ரோட்டிலை அழுத்தினால் திணறிய பிறகே வேகமெடுக்கிறது. விரலை எடுத்த பின்னும் சில சமயம் செயின் மெல்ல ஓடிக்கொண்டே இருக்கிறது. சிலிண்டரையும் பிஸ்டனையும் மாற்றிவிடலாம் என்று மெக்கானிக் கூறுகிறார். அதற்குச் செலவிடலாமா, அல்லது மேலும் பணம் சேர்த்துப் புதியதே வாங்கிவிடலாமா?

மலைக்காடு:
திறந்து பார்க்காமல் சிலிண்டரை மாற்ற வேண்டாம். நீங்கள் கூறும் அறிகுறிகள், கிராங்க் ஆயில் சீல் (இன்ஜினின் சுழல்தண்டைச் சுற்றிக் கசிவை அடைக்கும் வளையம்) வழியாகவோ, கார்புரேட்டரையும் சிலிண்டரையும் இணைக்கும் ரப்பர் பூட் வழியாகவோ வெளிக்காற்று உள்ளே புகுவதையே முதலில் நினைவூட்டுகின்றன. அப்படிக் காற்று புகுந்தால் கலவையில் பெட்ரோலும் ஆயிலும் குறைந்து, பிஸ்டன் சூடாகிக் கீறல் விழும். கசிவை அடைக்காமல் புதிய பிஸ்டனைப் போட்டால் அதற்கும் அதே கதிதான்.

மஃப்ளரை (சைலன்சரை) கழற்றி, புகை வெளியேறும் துளை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டனில் செங்குத்தான ஆழ்ந்த கோடுகள் இல்லாமல், கம்ப்ரஷன் அளவியும் 140 பி.எஸ்.ஐ.க்கு மேல் காட்டினால், சிலிண்டரைத் தொட வேண்டிய தேவையே இல்லை. திணறலுக்குக் கார்புரேட்டரின் டயாஃப்ரம் (பெட்ரோல் வரத்தைச் சீராக்கும் மெல்லிய சவ்வு) விறைத்துப் போனதும், வேகமெடுக்கும்போது கூடுதல் பெட்ரோல் தரும் ஆக்ஸிலரேட்டர் பம்ப் தேய்ந்ததும் காரணமாகலாம். பெட்ரோல் பங்க்குகளில் இப்போது கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பருக்கு ஒத்துக்கொள்வதில்லை. சீசன் முடிந்ததும் டாங்கைக் காலி செய்து வைப்பது நல்லது.

கயிறும் கிளையும்:
இன்ஜினைப் பற்றிய கருத்தில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் எதை முதலில் பார்ப்பது என்பதில் உண்டு. ஐடிலில் செயின் ஓடும் இயந்திரத்தை இன்றிலிருந்தே மேலே அனுப்பாதீர்கள். அது தொங்குவது ஏறுபவரின் தொடைக்கும் அவரைத் தாங்கும் கயிற்றுக்கும் அருகில். கிளட்ச் ஸ்பிரிங், செயின் பிரேக்கின் பட்டை, த்ரோட்டில் தவறுதலாக அழுந்தாமல் தடுக்கும் த்ரோட்டில் லாக், அறுந்த செயினைப் பிடிக்கும் செயின் கேட்சர், அதிர்வைத் தாங்கும் ரப்பர்கள், தொங்கவிடும் வளையம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். இவற்றில் தேய்ந்தவற்றுக்கு நல்ல உதிரிபாகம் கிடைக்காவிட்டால், இன்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதை மரமேறும் வேலையிலிருந்து விலக்கிவிடுங்கள்.

இந்த மாடலின் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. அதன் இடத்தை எம்.எஸ். 201 டி பிடித்துக்கொண்டது. பார் (செயின் சுற்றி ஓடும் தகடு), செயின் நீங்கலாக ஏறத்தாழ மூன்றரைக் கிலோ எடையும், விரலுக்கு உடனே பணியும் வேகமும் கொண்டிருந்ததால்தான் ஏறுபவர்கள் இன்றும் இதைத் தேடுகிறார்கள். ஆகவே சிலிண்டர் நலமாக இருந்தால் சரிசெய்வது வீண்செலவு அன்று. அது கெட்டிருந்தால், உள்பூச்சு சரியில்லாத மலிவான நகல் சிலிண்டரைப் போட்டு ஓட்டுவதைவிடப் புதியது வாங்குவதே மேல்.

பச்சை நிழல்:
பேட்டரி செயின் சாவையும் யோசியுங்கள். கிளையில் நின்றுகொண்டு ஸ்டார்ட்டர் கயிற்றை இழுக்க வேண்டியதில்லை. வெட்டுகளுக்கு இடையில் மோட்டார் ஓடுவதுமில்லை. ஆனால் நாள் முழுவதும் மரத்துக்கு மரம் ஏறும் தோட்டத்தில் கூடுதல் பேட்டரிகளின் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

காப்பித் தோட்டம்:
மிக்க நன்றி. மஃப்ளரைக் கழற்றிப் பார்த்தோம். பிஸ்டனில் கீறல் இல்லை, கம்ப்ரஷனும் 145 இருக்கிறது. ரப்பர் பூட்டின் மடிப்பில்தான் வெடிப்பு தெரிகிறது. கிளட்ச் ஸ்பிரிங்கும் தளர்ந்திருக்கிறது. பிரேக் முதலான மற்றவை நன்றாக உள்ளன. பூட், ஆயில் சீல், கிளட்ச் ஸ்பிரிங், கார்புரேட்டர் கிட் ஆகியவற்றை மட்டும் வரவழைக்கிறோம். பொருத்திய பின் எப்படிச் சரிபார்ப்பது?

மலைக்காடு:
தரையில் வைத்து நன்றாகச் சூடேற்றி, செயின் அசையாத அளவுக்கு ஐடிலைக் குறையுங்கள். பிறகு இயந்திரத்தை இடம், வலம், மூக்கு (பாரின் முனை) மேல், மூக்குக் கீழ் என எல்லாப் பக்கமும் சாய்த்துப் பாருங்கள். எந்த நிலையிலாவது ஐடில் வேகம் ஏறினால் காற்றுக் கசிவு இன்னும் இருக்கிறது என்று கொண்டு, மீண்டும் திறந்து சீல்களைப் பாருங்கள்.