மெயில் பட்டியலைச் சரிபார்த்தால் உயிரோடு இருக்கும் முகவரியும் அடிபட்டுப் போகிறது

குடியாத்தம் 2004 பேட்ச்:
எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்தின் மெயில் பட்டியல் என் பொறுப்பில் இருக்கிறது. ஏறக்குறைய 3,000 முகவரி. பாதி, வருடா வருடம் சந்திப்பன்று வாசலில் வைத்த நோட்டில் அவரவர் கையால் எழுதியது, மீதி வாட்ஸப்பில் வந்ததை அப்படியே ஒட்டியது. போன மாதம் அழைப்பு அனுப்பினேன், ஏகப்பட்டது திரும்பி வந்துவிட்டது, போய்ச் சேர்ந்ததிலும் பலருக்கு ஸ்பாமில் விழுந்திருக்கிறது. சரி என்று ஒரு இணையக் கருவியில் மொத்தத்தையும் போட்டேன். அது "செல்லாது" என்று தள்ளியதில் என் சித்தப்பாவின் ஆபீஸ் முகவரியும் இருக்கிறது, நேற்றுதான் அதிலிருந்து எனக்கு மெயில் போட்டார்! "செல்லும்" என்றதிலும் சில திரும்பி வந்தன. 80களில் படித்த அண்ணன்மார் பலரைப் பிடிக்க இந்த முகவரியை விட்டால் வேறு வழி கிடையாது, ஒருவரைக்கூட வீணாக நீக்க மனசு வரவில்லை. துல்லியத்தைக் கூட்ட என்ன செய்யலாம்?

சத்துவாச்சாரி சர்வர்காரன்:
உங்கள் சித்தப்பா விஷயம் அநேகமாக கிரேலிஸ்டிங், அதாவது தெரியாத ஆளை முதல் தடவை தற்காலிகமாகத் திருப்பி அனுப்பும் வழக்கம். கருவி என்ன செய்கிறது என்றால், அந்த சர்வரிடம் போய் "இந்தப் பெயருக்குத் தபால் எடுத்துக்கொள்வாயா" என்று ஆர்சிபிடி (பெறுபவர் முகவரியைச் சொல்லும் கட்டளை) வரைக்கும் கேட்டுவிட்டு, மெயில் அனுப்பாமலே திரும்பிவிடும். 250 என்றால் எடுத்துக்கொள்கிறேன். 550, கூடவே 5.1.1 என்று வந்தால் அப்படி ஒரு ஆளே இல்லை. 450, 451 என்று 4-இல் தொடங்கினால் "இப்போது வேண்டாம், அப்புறம் வா" என்றுதான் அர்த்தம். முன்பின் தெரியாத ஆள் வந்தால் முதல் தடவை இப்படித் திருப்பி அனுப்புவது பல ஆபீஸ் சர்வர்களின் வழக்கம். அவசரக் கருவிகள் இதையும் செல்லாததில் சேர்த்துவிடுகின்றன. அரைமணி நேரம் விட்டு மறுபடி கேளுங்கள்.

இன்னொன்று, எம்எக்ஸ் பதிவு (மெயிலை எந்த சர்வர் வாங்கும் என்ற குறிப்பு) இல்லாத டொமைனை, அதாவது @-க்குப் பின்னால் வரும் பெயரை, உடனே செத்தது என்று அடிக்காதீர்கள். எம்எக்ஸ் இல்லாவிட்டால் ஏ பதிவு காட்டும் சர்வர் எண்ணுக்கு (ஐபி) அனுப்பிப் பார் என்பதுதான் விதி. மெயிலே வேண்டாம் என்று சொல்ல வெறும் புள்ளி போட்ட எம்எக்ஸ் என்று தனியாக 2015-இல் ஒரு முறை வந்தது, அது இருந்தால் தாராளமாக நீக்கலாம். வாட்ஸப்பில் இருந்து ஒட்டியதில் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள், ஓரத்தில் வெற்றிடம் எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும், எதற்கும் முதலில் அதைத் துடைத்துவிடுங்கள்.

ராணிப்பேட்டை லெதர்:
தம்பி, நான் ஏற்றுமதிக் கம்பெனியில் பையர்களுக்கு மெயில் அனுப்பியே காலம் தள்ளியவன். 250 வந்தாலும் நம்பிவிடாதீர்கள். கம்பெனி டொமைன்களில் பாதிக்கு மேல் பார்த்திருக்கிறேன், எந்தப் பெயரைக் கொடுத்தாலும் சரி என்று வாங்கிக்கொள்ளும், கேட்ச் ஆல் என்பார்கள். வாய்க்கு வந்த பெயர் ஒன்றை அதே டொமைனில் கேட்டுப் பாருங்கள், அதற்கும் 250 என்றால் அந்த டொமைனில் வரும் எந்தப் பதிலுக்கும் மதிப்பில்லை. அதையெல்லாம் "தெரியாது" என்று தனியாக வையுங்கள், செல்லும் என்றும் போடாதீர்கள், செல்லாது என்றும் போடாதீர்கள். அப்புறம் இந்தச் சோதனையை வீட்டு பிராட்பேண்டில் செய்ய உட்காராதீர்கள், பெரும்பாலும் சர்வருக்குச் சர்வர் மெயில் போகும் வழியான 25-ஆம் போர்ட்டை அடைத்து வைத்திருப்பார்கள். அடைக்காவிட்டாலும் ஆயிரக்கணக்கில் கேட்டால் உங்கள் ஐபிதான் கறுப்புப் பட்டியலுக்குப் போகும். போன மாதம் ஸ்பாமில் விழுந்ததற்கும் ஏகப்பட்டது திரும்பி வந்ததே ஒரு காரணமாக இருக்கும்.

காட்பாடி டைப்பிஸ்ட்:
பாதி முகவரி நோட்டில் இருந்து அடித்தது என்கிறீர்கள், தப்பு அங்கேதான் அதிகம் இருக்கும். ஆங்கில ஆர் (r), என் (n) இரண்டையும் நெருக்கி எழுதினால் எம் (m) மாதிரி தெரியும், சின்ன எல் எழுத்தும் 1-உம் ஒன்றுபோலவே இருக்கும். நம் ஊரில் இனிஷியலை முன்னால் போடுபவரும் உண்டு, பின்னால் போடுபவரும் உண்டு, அதனால் ஊகித்துத் திருத்தவே கூடாது. திருத்தினால் அது வேறு யாரோ ஒருவருடைய உயிருள்ள முகவரியாகிவிடும். ஜிமெயிலுக்கு மட்டும் ஒரு வசதி: பெயரில் அடிக்கோடு (_) வராது, புதிதாகத் திறக்க 6 முதல் 30 எழுத்து வேண்டும். அடிக்கோடு போட்ட ஜிமெயில் கண்ணில் பட்டால் நேராக நோட்டைத் திறந்து பாருங்கள். பெயரில் உள்ள புள்ளியையும் ஜிமெயில் கண்டுகொள்ளாது, ஒரே ஆள் புள்ளியோடும் புள்ளியில்லாமலும் இரண்டு வரியில் இருப்பார்.

குடியாத்தம் 2004 பேட்ச்:
மூவருக்கும் நன்றி. சித்தப்பா முகவரி 40 நிமிடம் கழித்துக் கேட்டதும் 250 கொடுத்துவிட்டது. அடிக்கோடு போட்ட ஜிமெயில் 17 கிடைத்தது. 2013 நோட்டை எடுத்துப் பார்த்தால் அதில் பல, முகவரியின் அடியில் இழுத்த வெறும் கோடு, பால்பாயிண்ட் மை எழுத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, நான்தான் அதையும் எழுத்தாக நினைத்து அடித்திருக்கிறேன். "தெரியாது" கூடையில் 400 சொச்சம் இருக்கிறது. அந்தந்த பேட்ச் வாட்ஸப் குழுவில் பெயரைப் போட்டுக் கேட்கப் போகிறேன். இந்த வருடச் சந்திப்பில் நோட்டு வைக்கவில்லை. அவரவர் போனிலேயே அடிக்கச் சொல்லி, அங்கேயே ஒரு மெயில் அனுப்பி, வந்துவிட்டது என்று அவர் காட்டிய பிறகுதான் பட்டியலில் ஏற்றுவேன்.

சத்துவாச்சாரி சர்வர்காரன்:
அப்படியே செய்யுங்கள். பழைய ஜிமெயில்களையும் ஒரு தடவை பாருங்கள், 2 வருடம் தொடாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பரில் இருந்து கூகுள் நீக்கத் தொடங்கிவிட்டது. போன சந்திப்பில் சரியாக இருந்தது இப்போது இல்லாமல் போயிருக்கலாம்.